திருக்கையைத் தொடும் முன் டிக்கெட்டைப் படியுங்கள்

டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கரீபியன் கப்பல் பயணம் இன்று எட்டாக்கனி அல்ல. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஃபுளோரிடாவில் கப்பல் ஏறிவிடுகிறார்கள். அந்தக் கப்பல்களில் பல கிராண்ட் கேமன் தீவில் ஒரு பகல் நிற்கும். அன்று அதிகம் விற்பனையாகும் சுற்றுலா, படகில் போய்ப் பவளத்திட்டில் ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்துவிட்டு, இடுப்பளவு தண்ணீருள்ள மணல்திட்டில் நின்று திருக்கைகளைத் தொட்டுப் பார்ப்பது. ஸ்டிங்ரே சிட்டி என்று உலகமே அறிந்த இடம் அது.

போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. போகிறவர்கள் திருக்கையின் முள்ளுக்கு மட்டும் பயப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து இரண்டு உண்டு: ஒன்று மூச்சு, மற்றொன்று கையெழுத்து. இரண்டையும் கப்பல் ஏறும் முன்பே கவனிக்க வேண்டும்.

முதலில் இடத்தைப் பற்றி. தீவின் வடக்கே நார்த் சவுண்ட் என்ற ஆழமில்லாத விரிகுடா இருக்கிறது. பவளத்திட்டுக்கு உட்புறம் அலை அடங்கிக் கிடப்பதால் மீனவர்கள் அங்கே படகை நிறுத்தி மீனையும் சங்குச் சதையையும் சுத்தம் செய்து, கழிவைக் கடலில் வீசுவது வழக்கம். அதைத் தின்னத் திருக்கைகள் கூடின. 1980களில் முக்குளிப்பவர்கள் கையால் தீனி கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு அதுவே தொழிலானது. இவை தொட்டியில் வளர்த்த மீன்கள் அல்ல, முள்ளோடு திரியும் கடல் உயிர்கள். இயல்பில் இரவில் இரை தேடும் இந்த இனம், தீனி போடப்படும் அந்த இடத்தில் பகலில் சுற்றுகிறது என்றும், குறுகிய பரப்புக்குள் நெருக்கியடித்து வாழ்கிறது என்றும் 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் ஒரு மணி நேர மகிழ்ச்சிக்காக அவற்றின் வாழ்க்கை முறையே மாறிப்போயிருக்கிறது.

அதனால்தான் கேமன் அரசு அந்தப் பகுதியைத் தனி மண்டலமாக அறிவித்து விதிகள் போட்டிருக்கிறது. உரிமம் பெற்ற படகுதான் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவரலாம். திருக்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கக் கூடாது. நான்கு அடிக்குக் குறைவான ஆழத்தில் செருப்போ காலில் மாட்டும் நீச்சல் துடுப்போ அணியக் கூடாது. அனுமதித்த தீனியைத் தவிர வேறெதையும் கொடுக்கக் கூடாது. ஆனால் திருக்கைக்கு முத்தம் கொடுத்தால் ஏழு வருஷம் அதிர்ஷ்டம் என்று சொல்லி, அதைத் தூக்கிக் குழந்தையின் முகத்தருகே நீட்டும் வழிகாட்டிகளும் உண்டு. புகைப்படம் அழகாகத்தான் வரும். அந்த வழிகாட்டி சட்டத்தை மீறுகிறார். உங்கள் பிள்ளையின் கண்ணையும் பணயம் வைக்கிறார். வேண்டாம் என்று உரத்துச் சொல்லுங்கள்.

முள் வாலில் இருக்கிறது. ரம்பம் போன்ற அதன் விளிம்புகளை நச்சுத் திசு மூடியிருக்கும். மிதித்தாலோ இறுக்கிப் பிடித்தாலோ தற்காப்புக்காக வாலை வீசும். ஆகவே காலைத் தூக்கி வைத்து நடக்காமல், மணலில் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். அதிர்வு தெரிந்ததும் திருக்கை விலகிவிடும். தீனி கொடுக்கும்போது கட்டைவிரலை மடக்கி, உள்ளங்கையைத் தட்டையாக வைக்க வேண்டும். வாய் அடிப்பக்கம் இருப்பதால் அது உறிஞ்சித்தான் தின்னும். விரல் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து இழுக்கும்.

குத்திவிட்டால் வலி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஏறிக்கொண்டே போகும். இந்த நச்சு சூட்டில் செயலிழக்கும். காலிலோ கையிலோ பட்டிருந்தால், சுமார் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்திருக்க வேண்டும். அடிபட்ட இடத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால், காயமில்லாத கையை முதலில் விட்டுப் பாருங்கள். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், எக்ஸ்ரே தேவைப்படும். டெட்டனஸ் ஊசியும் வேண்டியிருக்கலாம். மார்பு, வயிறு, கழுத்து என்றால் கதையே வேறு. முள்ளைப் பிடுங்கக் கூடாது, வெந்நீர் தேடி நேரத்தை வீணாக்கவும் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2006 செப்டம்பர் 4 அன்று ஆஸ்திரேலியாவில் விலங்குகள் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற ஸ்டீவ் இர்வின் இறந்தது மார்பில் பாய்ந்த திருக்கை முள்ளால்தான். அப்படிப்பட்ட மரணம் மிக அரிது.

அரிதல்லாதது, ஸ்நார்க்கல் செய்யும்போது நேரும் மரணம். ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் மூழ்கி இறப்பதற்கு முதன்மைக் காரணமாக இருப்பது ஸ்நார்க்கல்தான். அங்கே 2021இல் வெளியான ஓர் ஆய்வு கவலைப்பட வைக்கிறது. இறப்பவர்களில் பலர் தண்ணீர் குடித்துத் தத்தளிப்பதே இல்லை. குழாய் வழியே மூச்சை வலிந்து இழுக்கும்போது, இதயக் கோளாறோ கடும் உடலுழைப்போ சேர்ந்தால், நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. கைகால் வலுவிழக்கிறது. சத்தமில்லாமல், சில சமயம் கால் நிலத்தில் எட்டும் ஆழத்திலேயே முடிந்துவிடுகிறது. மூச்சு வாங்கினால், காரணமில்லாமல் களைப்பு வந்தால், அந்தக் கணமே குழாயை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, தண்ணீரைவிட்டு வெளியேற வேண்டும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ள பெற்றோரை, "சும்மா ஒரு தடவை பாருங்கப்பா" என்று வற்புறுத்தாதீர்கள். மணல்திட்டில் நின்று திருக்கையைப் பார்க்கக் குழாயே தேவையில்லை. நீச்சல் தெரியாதவர் லைஃப் ஜாக்கெட் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொடுக்காத படகிலிருந்து இறங்கிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை இருக்கட்டும், கண்ணெடுக்காமல் பார்க்கும் துணை.

இனி காகிதம். படகேறும் முன் ஒரு தாளை நீட்டுவார்கள்: எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதியிருக்கும். வரிசையில் பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார், நாமும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அந்தத் தாள் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் கப்பல், தன் கவனக்குறைவால் நேர்ந்த காயத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வாங்குவதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. கப்பலுக்குள் இருந்த செயற்கை அலைச்சறுக்கில் அடிபட்ட பயணி கையெழுத்திட்ட அப்படியொரு தாளை, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் கேமன் கரையிலிருந்து புறப்படும் சிறு படகுக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது.

சுற்றுலாவைக் கப்பலிலேயே வாங்கியிருந்தாலும், படகுக்காரர் தனி ஒப்பந்ததாரர், எங்கள் ஆள் அல்ல என்று கப்பல் நிறுவனம் சொல்லும். அது முடிவான பதில் அல்ல. தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் விட்டார்கள், தகுதியற்ற படகுக்காரரைத் தேர்ந்தார்கள், தங்கள் சொந்தச் சுற்றுலா போலக் காட்டி விற்றார்கள் என்ற அடிப்படைகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் வழக்குகளை விசாரணைக்கு ஏற்றிருக்கின்றன. அதனால் விளம்பரத் தாள், ரசீது, படகின் பெயர், சாட்சிகளின் தொலைபேசி எண், கையெழுத்திட்ட தாளின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கப்பல் மருத்துவமனையில் அன்றைக்கே பதிவு செய்து, அறிக்கையின் நகலைக் கேளுங்கள். படித்துப் பார்க்காமல் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வேண்டாம்.

காலக்கெடு மிகக் குறைவு. கடலில் நேரும் காயங்களுக்கு வழக்குப் போட அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தருவது மூன்று ஆண்டு. ஆனால் எழுத்து மூலமான அறிவிப்புக்கு ஆறு மாதம், வழக்குக்கு ஓராண்டு என்று டிக்கெட்டிலேயே சுருக்கிக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது; பெரிய நிறுவனங்கள் பல அப்படித்தான் செய்திருக்கின்றன. வழக்கைத் தங்கள் ஊரில், பெரும்பாலும் மயாமியில்தான் போட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். இத்தகைய நிபந்தனை செல்லும் என்று 1991இல் கார்னிவல் நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டொராண்டோவில் இருப்பவரும் மயாமி வழக்கறிஞரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

சொல்லக் கசப்பான ஒன்றும் உண்டு. கடலில் மரணம் நேர்ந்தால் 1920ஆம் ஆண்டின் கடல் மரணச் சட்டம் குறுக்கே வரலாம். வேற்று நாட்டுக் கடற்பரப்புக்கும் நீதிமன்றங்கள் அதைப் பொருத்தியிருக்கின்றன. அது பண இழப்பை மட்டுமே கணக்கில் எடுக்கும். சம்பாதிக்காத தாய்க்கும், ஓய்வுபெற்ற தந்தைக்கும், சிறு பிள்ளைக்கும் அந்தக் கணக்கில் கிடைப்பது சொற்பம். இது அநியாயமான சட்டம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் இன்றைக்கு அதுதான் சட்டம்.

காப்பீட்டையும் பாருங்கள். ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குத் தருவது மிகக் குறைவு. பெற்றோருக்கு எடுத்த பயணக் காப்பீடு கப்பலுக்கும் கேமனுக்கும் செல்லுமா, பழைய நோய்களைச் சேர்த்திருக்கிறதா, ஸ்நார்க்கலை விலக்கியிருக்கிறதா, அவசரமாக விமானத்தில் கொண்டுவரும் செலவை ஏற்குமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கப்பலின் பயண ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும். பணம் கட்டும் முன் அதைத் திறந்து, காலக்கெடு பற்றிய பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.