வயலை விற்று ஏரியை வாங்கலாமா?

"சார், இன்னும் ரெண்டே வருஷம்... இந்த இடம் எங்கேயோ போயிடும்!"

மனை விற்கிற ஆள் இப்படிச் சொன்னதும் பக்கத்தில் நின்ற என் அப்பா நிதானமாகக் கேட்டார்: "எங்க தம்பி போவும்? மழை வந்தா அடிச்சிக்கிட்டுப் போயிடுமா?"

வேனில் வந்திருந்த பதினைந்து பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த ஆள் மட்டும் சிரிக்கவில்லை. நானும்தான். ஏனென்றால் அட்வான்ஸ் செக் என் சட்டைப்பையில் இருந்தது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. எனக்குப் பூதலூர். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போனால், ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேலென்று வந்துவிட்டுப் போகுமே, அந்த ஊர். கல்லணைக் கால்வாய் என்று கவர்ன்மென்ட்டில் எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் 'புது ஆறு'. 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. தொண்ணூறு வருஷம் தாண்டியும் புது ஆறுதான்! அறுபது வயது அத்தையை வீட்டில் இன்னும் 'பாப்பா' என்று கூப்பிடுகிற மாதிரி.

அந்தத் தண்ணீர் பாய்கிற ஆறு மா நிலம் அப்பாவுக்கு. (மூன்று மா ஒரு ஏக்கர். ஆக, இரண்டு ஏக்கர்.) நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மனைவிக்குத் தாம்பரத்தில் டீச்சர் வேலை. சைதாப்பேட்டையில் வாடகை வீடு. திடீரென்று ஒருநாள் ஹவுஸ் ஓனர், "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம் சார்..." என்று இழுத்தார். பத்திரிகை வைக்க வந்தார் என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன். காலி பண்ணச் சொல்ல வந்திருக்கிறார்!

"எத்தனை நாளைக்கு இப்படிப் பூனை குட்டியைத் தூக்கற மாதிரி சாமான் தூக்கறது? சொந்தமா ஒண்ணு பாத்துடலாங்க" என்றாள் மனைவி.

ஊருக்கு போன் போட்டேன். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஆறு மாவையும் வித்துக்கடா. எனக்கு அப்புறம் அதை யாரு பாக்கப் போறா?"

சத்தியமாக அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாமே சென்னைதான்!

எங்கே வாங்குவது? அதுதான் பெரிய தலைவலி. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189-லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக நீட்டிவிட்டார்கள். எங்கள் தஞ்சாவூர் மாவட்டம் முழுசையும் உள்ளே தூக்கி வைத்தாலும் மிச்சம் இடம் இருக்கும். இப்படி வளர்கிற ஊரில் எந்த மூலையைக் காட்டினாலும், "இதுவும் சென்னைதான் சார்" என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் இலவச வேன் ஏறினோம். இலவச சாம்பார் சாதம் சாப்பிட்டோம். இரண்டு மாதத்தில் எனக்கு இரண்டு கிலோ கூடியதுதான் மிச்சம்.

பழைய மகாபலிபுரம் ரோடு பளபளவென்று இருந்தது. 2000-ல் டைடல் பார்க் வந்தபிறகு அது வேறு உலகம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்குச் சரி. நாங்கள் பார்த்த அடுக்குமாடியில் நீச்சல் குளம் இருந்தது. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. "தண்ணிக்கு லாரி வந்துடும் சார்" என்றார்கள், ஏதோ கல்யாணத்துக்கு மேளம் வந்துவிடும் என்கிற மாதிரி.

அடுத்தது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். தொழிற்சாலை மேல் தொழிற்சாலை. ஹூண்டாய் 1998-லேயே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆனால் இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் கோலாகலமாக ஆரம்பித்த நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வேலை போயிற்று. பிறகு அங்கே வேறு கம்பெனிகள் வந்தன, வாஸ்தவம். நடுவில் இருந்த வருஷங்களுக்கு யார் இ.எம்.ஐ. கட்டுவது? ஒரே கம்பெனியை நம்பி வளர்கிற இடத்தில் இருபது வருஷக் கடன் வாங்குவது, ஒரே மாட்டை நம்பிப் பால் பண்ணை வைக்கிற மாதிரி. தவிர, கிண்டிக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. தொழில் புத்தியில் கணக்குப் போட்டேன். நாளுக்கு 3 மணி, வருஷத்துக்கு 250 வேலை நாள். மொத்தம் 750 மணி. அதாவது 31 நாள்! வருஷத்தில் ஒரு மாசம் பஸ்ஸில் குடியிருப்பதற்கு எதற்கு வீடு?

பரந்தூரையும் காட்டினார்கள். 2022-ல் விமான நிலையம் அறிவித்ததும் அந்தப் பக்கத்து மனைக்கெல்லாம் இறக்கை முளைத்துவிட்டது. அங்கே ஏகனாபுரத்து ஜனங்கள் வயலையும் ஏரியையும் விடமாட்டோம் என்று போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள். ஒரு விவசாயி மகன் அதில் லாபம் பார்ப்பதா? வேனை விட்டு இறங்கவே மனசு வரவில்லை.

கடைசியில் ஜி.எஸ்.டி. ரோடுதான் எங்களுக்குத் தோது. எலெக்ட்ரிக் ரயில் உண்டு. கிண்டியும் தாம்பரமும் ஒரே லைன். அந்தப் பக்கமாகப் பார்த்ததுதான், கட்டுரையின் ஆரம்பத்தில் சொன்ன மனை. விலை நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. (ஏன் எட்டியது என்று நான் யோசித்திருக்க வேண்டும்!)

உழவன் எக்ஸ்பிரஸில் வந்த இன்ஸ்பெக்டர்

பணம் கொடுக்கிறவர் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று அப்பாவை வரவழைத்தேன். உழவன் எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கினார். பெயருக்கேற்ற பயணி.

மறுநாள் சைதாப்பேட்டையிலிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் போகும்போது ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். பழவந்தாங்கல் வந்ததும், "ஏண்டா, தாங்கல்னா ஏரியில்ல? எங்க ஏரி?" என்றார். எட்டு வருஷமாக அந்த வழியாகப் போகிறேன். ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

"ஏம்ப்பா, தி.நகரே 1920-கள்ல மாம்பலம் ஏரியைத் தூர்த்து வந்த ஊருதான். மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு இன்னும் இருக்கு" என்று என் பங்குக்குச் சொன்னேன்.

"வியூ மட்டும் இருக்கு. லேக் எங்க?"

மனை இருந்த இடத்தில் வேன் நின்றதும் எல்லோரும் நுழைவு வளைவைப் பார்த்தார்கள். அப்பா கீழே பார்த்தார். வேலியோரத்தில் கோரை மண்டிக் கிடந்தது. "இது தண்ணி நிக்கிற எடத்துல வர்ற புல்லுடா." நாலு வீடு தள்ளிப் போனார். ஒரு காம்பவுண்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. எதிர்வீட்டில் கரண்ட் மீட்டர் பெட்டி, ஆள் ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் என்கிற உயரத்தில். அதற்கடுத்து புதுசாகக் கட்டின வீட்டுக்கு வாசலில் ஏழு படி.

"இவங்க எல்லாம் வாசப்படிக்கு ஆசைப்பட்டாடா ஏழு படி கட்டினாங்க?"

முனையில் ஒரு டீக்கடை. அப்பா ஒரு டீ சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் சாதாரணமாகக் கேட்டார். "ஏம்ப்பா, ஐப்பசி கார்த்தியில இங்க தவளை கத்துமா?"

"தவளையா? போன மழைக்கு இந்த ரோட்டுல கெளுத்தி மீன் புடிச்சோம் பெரியவரே!"

என் சட்டைப்பையில் இருந்த செக் கனத்தது.

ராத்திரி வருவாய்த் துறையின் இணையதளத்தில் 'அ' பதிவேட்டைத் திறந்தேன். புல எண்ணைப் போட்டால் அந்த நிலம் என்ன வகை என்று சொல்லிவிடும். எங்கள் மனை நஞ்சை. ஒட்டின புல எண், ஓடைப் புறம்போக்கு. அன்று காலையில் ஓடை எதையும் நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் வேன் நின்றதே, அந்தத் தார் ரோடுதான் ஓடை! இத்தனைக்கும் அப்ரூவல் பேப்பரெல்லாம் பக்காவாக இருந்தது. தண்ணீருக்குத்தான் பேப்பர் படிக்கத் தெரியாது.

அப்பா அப்போதுதான் பேசினார். "நம்மூர்ல வீடெல்லாம் எங்கடா இருக்கு? நத்தத்துல. அது மேடு. வயலு பள்ளத்துல. ஒரு வாய்க்கா தண்ணி கொண்டாந்தா, ஒரு வடிகா கொண்டு போவும். பாய்ச்சறதை விட வடிக்கிறதுதான் பெரிய வித்தை. இங்க வடிகால் மேல ரோடு போட்டுட்டு, வயல்ல வீடு கட்றான். நான் நிலத்தை விக்கிறதுக்கு வருத்தப்படலை. ஆனா வயலை வித்து ஏரியை வாங்காதடா."

அவர் சொன்னது புதுசல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டு ஜனங்களை மீட்டதை டி.வி.யில் பார்த்தவன்தான் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பள்ளிக்கரணைப் பக்கம் என்ன ஆனது என்றும் தெரியும். நடுவில் 2019-ல் நேர்மாறு. ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எல்லாம் தெரிந்தும், வாங்குகிற ஆசை வந்துவிட்டால் ஞாபகமறதியும் கூடவே வந்துவிடுகிறது.

"மாமா, அப்ப பேசாம திருச்சிப் பக்கமே வந்துடலாமா?" என்றாள் மனைவி. அது அசட்டுக் கேள்வி அல்ல. தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் பார்க் திறந்துவிட்டார்கள். திருச்சி பஞ்சப்பூரில் 2025-ல் பெரிய பஸ் நிலையமே வந்துவிட்டது. ஆனால் அப்போது நான் விசாரித்த வரையில், என் கணக்கு வேலைக்கு அங்கே பாதிச் சம்பளம்தான். அப்பா முகத்தில் ஒரு வினாடி வெளிச்சம் வந்தது. உடனே அவரே அணைத்துவிட்டார். "வேணாம்மா. எனக்காக வராதீங்க. பொழப்பு எங்கயோ அங்க இருங்க."

பிறகு சிரித்துக்கொண்டே, "வீராணம் ஏரிக்குக் கொள்ளிடத்துலேர்ந்துதானே தண்ணி போவுது? அங்கேர்ந்துதான் 2004-லேர்ந்து மெட்ராஸுக்குக் குடிதண்ணி வருதாம். நம்ம பக்கத்துத் தண்ணியே பொழப்பைத் தேடிக் கெளம்பிடிச்சி. நீ வந்ததுல என்ன தப்பு?" என்றார்.

ஒரு கார்த்திகை பார்த்த பிறகு...

செக்கைக் கிழித்தேன். வாங்குவதற்குப் பதிலாக, 2024 புரட்டாசியில் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வாடகைக்குப் போனோம். அப்பாவின் நிபந்தனை அது. "ஒரு ஐப்பசி கார்த்தி அங்க குடியிருந்து பாரு. அப்புறம் வாங்கு."

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாள். விடிய விடிய மழை. நான் தூங்காமல் டார்ச்சோடு வாசலிலேயே நின்றேன். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. விடிந்தபோது போயிருந்தது. ஆறு மணிக்குப் பூதலூரிலிருந்து போன்.

"தவளை கத்துச்சா?"

"இல்லப்பா."

"அப்ப சரி."

அதே தெருவில், 2025-ல், பழைய இரண்டாம் மாடி ஃபிளாட் ஒன்றை வாங்கினோம். நீச்சல் குளம் கிடையாது, நுழைவு வளைவு கிடையாது. கிணறு உண்டு. கொஞ்சம் பி.எஃப்., நிறைய பேங்க் கடன். அப்பா ஆறு மாவையும் விற்கவில்லை. இரண்டு மா மட்டும்.

வேறு ஊரில் காலூன்றப் பார்க்கிற தம்பிமார்களுக்கு, என் செலவில் கற்ற நாலு விஷயம்:

* ஞாயிறு மத்தியானம் வேனில் பார்க்காதீர்கள். ஆபீஸ் நாளில், ஆபீஸ் நேரத்தில், நீங்களே பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் போய்ப் பாருங்கள்.

* வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், அப்ரூவல் எல்லாம் அவசியம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. அதோடு, பக்கத்துப் புல எண்களையும் 'அ' பதிவேட்டில் பாருங்கள்.

* ஒரே ஆலையையோ ஒரே அறிவிப்பையோ நம்பி விலை ஏறுகிற இடத்தில் ஜாக்கிரதை.

* முடிந்தால் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். முடியாதா? டீக்கடையில் தவளையைப் பற்றிக் கேளுங்கள்.

2025 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். குறுவை நன்றாக வந்தது. அறுப்பு முடிந்து ஊரிலிருந்து அரிசி வந்தது. வழக்கமாக மூன்று மூட்டை வரும். இந்தத் தடவை இரண்டு.

"இன்னொரு மூட்டை எங்கங்க?" என்று கேட்க வாயெடுத்த மனைவி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மூட்டை அங்கேதான் இருக்கிறது.