காற்றுக்கும் கட்டணம் உண்டு

வெள்ளவத்தைச் சந்தையடியில் 100ஆம் இலக்கப் பஸ் நின்று புறப்படும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் எழும். பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே காலி வீதியில் ஓடும் பெரிய பஸ்களை நிறுத்துவது சாரதியின் கால்பலம் அல்ல, தாங்கியில் அடைத்து வைத்த காற்று. அவர் மிதிப்பது ஒரு வால்வைத்தான். காலை எடுத்ததும், வேலை முடித்த காற்று அந்தச் சத்தத்துடன் வெளியேறுகிறது.

கொட்டாஞ்சேனை ரயர்க் கடையில் நட்டுக் கழற்றுவதும் இதே காற்றுத்தான். ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் பாதத்தைத் தூக்குகிறது, நூலை வெட்டுகிறது. தேயிலையை நிறம் பிரிக்கும் இயந்திரத்தில் அதன் நுணுக்கத்தைப் பார்க்கலாம். கொட்டும் தூளுக்கிடையே ஒரு காம்பைக் கமரா கண்டதும், சிறு துளை வழியே பீறிடும் காற்று அந்தக் காம்பை மட்டும் தட்டி விலக்கிவிடும்.

பலம் எங்கிருந்து வருகிறது?

மோட்டார் சுழற்றும் கொம்பிரசர் காற்றை நெருக்கித் தாங்கியில் சேர்க்கிறது. வடிகட்டி தூசியையும் நீரையும் பிடிக்கிறது. சீராக்கி அமுக்கத்தை வேண்டிய அளவில் வைக்கிறது. வால்வு திறந்ததும் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. தொழிற்சாலைகளில் வழக்கமான அமுக்கம் 6 முதல் 7 பார். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டனை 6 பார் காற்று தள்ளினால், ஏறத்தாழ 480 கிலோ எடையைத் தூக்கும் விசை கிடைக்கும்.

காற்றில் தீப்பொறி இல்லை. கசிந்தாலும் துணியில் கறை படியாது. சுமை மிஞ்சினால் பிஸ்டன் நின்றுவிடும். மோட்டாரைப் போலக் கருகாது. ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் ரயிலுக்குக் கொண்டுவந்த தானியங்கிக் காற்றுப் பிரேக், குழாயில் அமுக்கம் குறைந்தால் தானாகவே இறுகும்படி அமைந்தது. ஸ்பிரிங் பிரேக் பூட்டிய இன்றைய கனரக வாகனங்களிலும் அதே தத்துவம்தான்: ஸ்பிரிங்கை விலக்கி வைத்திருப்பது காற்று, காற்றுப் போனால் சக்கரம் பிடிபடும்.

கொழும்பின் ஈரம்

கடலோர நகரத்தில் இந்தக் காற்றுக்கு ஒரு பகை உண்டு: ஈரம். 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதனும் உள்ள ஒரு கன மீற்றர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதை 7 பாருக்கு நெருக்கிப் பழைய வெப்பநிலைக்கு ஆறவிட்டால், 20 கிராம் நீராகப் பிரிந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு கன மீற்றர் உறிஞ்சும் கொம்பிரசர் எட்டு மணி நேரம் ஓடினால், ஒன்பது லீற்றருக்கு மேல் நீர் சேரும். வடிக்காமல் விட்டால் தாங்கியின் அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடித்து மெலியும். ஒருநாள் வெடிக்கவும் கூடும். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், நீராவிக் கொதிகலனோடு காற்றுத் தாங்கியையும் பரிசோதனைக்கு உட்படுத்தியது காரணத்தோடுதான்.

கசிவது பணம்

காற்று இலவசம், நெருக்கிய காற்று அப்படியல்ல. கொம்பிரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கே கடைசியில் வேலையாக மாறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். 7 பார் குழாயில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று இருந்தால், இரண்டு மின்சாரக் கேத்தல்களை இரவுபகலாகக் கொதிக்க விட்ட செலவு. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் எகிறியதைக் கண்ட பிறகும், 'ஸ்ஸ்' என்ற கசிவுச் சத்தத்தைக் கேட்டும் கேளாமல் இருப்பது கட்டுப்படியாகாது.

வேலைத்தளம் நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மாலையில் இயந்திரங்களை நிறுத்தியபின் தாங்கியை நிரப்பி, காது கொடுத்துக் கேளுங்கள். சந்தேகமான மூட்டுகளில் சவர்க்கார நீர் தடவிப் பாருங்கள். தேவைக்கு மேல் அமுக்கம் வைக்காதீர்கள். ஒரு பார் குறைத்தாலே கொம்பிரசரின் மின்செலவு நூற்றுக்கு ஏழளவில் குறையும். தாங்கியின் வடிகால் வால்வைத் தினமும் திறவுங்கள். காற்றுக் குழாயால் உடுப்பில் உள்ள தூசியை ஊதும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்: அந்தக் காற்று கண்ணைப் பறிக்கும், காயத்தின் வழியே உடலுக்குள் புகுந்தால் உயிரையும் பறிக்கும்.