'ஹம் லோக்' – நாமா, நாங்களா?

பம்பாய் லோக்கல் ரயிலில் காலை வேளையில் அதுவரை மூன்றே பேச்சுத்தான். சீட்டு, கிரிக்கெட், பஞ்சப்படி. 1984-ம் வருஷம் நான்காவதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

"பட்கி இன்னும் சம்மதம் சொல்லவில்லையே, எத்தனை நாளைக்குத்தான் இழுப்பாள்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "டாக்டர் மாப்பிள்ளை, தங்கமான பையன்" என்பார் இன்னொருவர். ஊரிலிருந்து புதிதாக வந்து நிற்கும் பையன், யாரோ சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று நினைத்துக்கொள்வான். தாதர் வருவதற்குள் தெரிந்துவிடும். பட்கி, டி.வி.யில் வருகிற பெண்.

தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடர் 1984 ஜூலை 7-ந்தேதி தொடங்கியது. 1985 டிசம்பர் 17-ல் முடிந்தபோது நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாகங்கள் ஆகியிருந்தன. மனோகர் ஷியாம் ஜோஷி எழுத, குமார் வாசுதேவ் இயக்கினார். குடிகாரத் தகப்பன் பசேசர் ராம், வாய் திறக்காத தாய் பகவந்தி, வேலை கிடைக்காத பிள்ளை, கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள். சினிமா ஆசையில் பம்பாய்க்கு ஓடி வந்து சீரழிகிற நடுப்பெண் மஜ்லி. கடைசியாகச் சொன்ன விஷயத்தில் பம்பாய்க்காரர்கள் எல்லாரும் தங்களை நிபுணர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் நடிகர் அசோக் குமார் திரையில் வந்து, நடந்ததைப் பற்றி அரை நிமிஷம் பேசுவார். பார்த்தவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. பட்கியாக நடித்த பெண்ணுக்கும், சீக்கிரம் கல்யாணத்துக்குச் சரி சொல்லும்படி புத்திமதிக் கடிதங்கள்!

நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. 1968-ல் இருமொழித் திட்டம் வந்த பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்கள் இந்தி எழுத்தையே பார்க்காமல் வண்டி ஏறியவர்கள். தொடரின் பெயரே மயக்கத்தைத் தந்தது. இந்தியில் நாமும் 'ஹம்'தான், நாங்களும் 'ஹம்'தான். தமிழில் அப்படி இல்லை. எதிரே நிற்பவரைச் சேர்த்தால் நாம், விட்டால் நாங்கள். 'ஹம் லோக்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்ட மனைவிக்கு எந்தச் சொல்லைச் சொல்வது என்று பல கணவன்மார் தடுமாறியிருப்பார்கள். போகப்போக அசோக் குமார் ஒவ்வொரு நாளும் ஒரு இந்திய மொழியில் அந்த வார்த்தையைச் சொல்லி விடைபெறும் வழக்கம் வைத்துக்கொண்டார்.

குர்லா பக்கம் ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அந்த வருஷம்தான் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி. புருஷன் குமாஸ்தா. பக்கத்து வீட்டில் மராட்டி அம்மாள். அவரை எல்லாரும் 'தாயி' என்பார்கள். மராட்டியில் அதற்கு அக்கா என்று பொருள். நம் ஊர்ப் பெண்ணுக்கு அம்மாவைக் கூப்பிடுவது போலவே இருந்தது. டி.வி. பெட்டி தாயி வீட்டில். தொடர் வருகிற அன்று இரவு ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

பாதி புரியாமல்தான் பார்த்தாள். புரியாததை மறுநாள் குழாயடியில் கேட்டுக்கொள்வாள். தாயி அபிநயத்தோடு கதை சொல்வார். நாலைந்து மாதத்தில் காது பழகிவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. மற்ற பெண்கள் பகவந்தியைக் கொண்டாடினார்கள். எவ்வளவு பொறுமை, புருஷன் என்ன செய்தாலும் ஒரு சொல் சொல்கிறாளா, குடும்பப் பெண் என்றால் இப்படியல்லவா!

தொடரை எடுத்தவர்களின் எண்ணம் வேறு. மெக்சிகோவில் குடும்பக் கட்டுப்பாடு போன்ற விஷயங்களைக் கதைக்குள் வைத்து டி.வி. தொடர் எடுத்து வெற்றி கண்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பிறந்த யோசனை இது. பகவந்தியைப் போல் அடங்கிக் கிடந்தால் என்ன கதியாகும் என்று காட்ட நினைத்தார்கள். ஆனால் பார்த்தவர்களில் பலர் அவளையே உத்தமி என்று எடுத்துக்கொண்டதாகப் பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கதை எழுதுகிறவர் ஒன்று நினைக்க, குழாயடி வேறொன்று நினைக்கிறது.

அந்தப் புகழ்ச்சி நடந்த ஒரு இரவில்தான் சங்கரன்கோவில் பெண் முதன்முதலாக இந்தியில் வாய் திறந்தாள். "பகவந்தி க்யோன் நஹி போல்தா?" என்றாள். அவள் ஏன் பேசமாட்டேன் என்கிறாள்? பெண்ணுக்கு ஆண்பால் போட்ட இந்தி. ஒருவரும் சிரிக்கவில்லை. சம்பள நாள் இரவுகளில் அந்த வீட்டிலிருந்து வரும் சத்தம் எல்லாருக்கும் தெரியும். அழைத்துப் போக வந்த புருஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த மாதமே அவன் தவணையில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கி வந்தான். அவள் மேல் உள்ள பிரியம் என்று ஊருக்குக் கடிதம் போனது. அக்கம்பக்கத்தாருக்கு உண்மை தெரியும். இனி அபிப்பிராயம் வீட்டோடு இருக்கட்டும் என்பதுதான். அவளோ, ஆண்டெனா சரியில்லை, படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு தாயி வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தாள். ஆண்டெனா மொட்டை மாடியில் எந்தப் பக்கம் திரும்பி நின்றது, யார் திருப்பினார்கள் என்பது தாயிக்குத் தெரியும்.

குடி ஒரே நாளில் நின்றுவிடவில்லை. நின்றதாகச் சொன்னால் அது சினிமாக் கதை. ஆனால் 1985 தீபாவளிக்கு முந்திய மாதத்திலிருந்து சம்பளக் கவர் பிரிக்கப்படாமல் வீட்டுக்கு வந்தது. அதற்குள் ஆண்பால் பெண்பாலும் திருந்திவிட்டது.

பிறகு 'ராமாயண்' வந்தது, 1987 ஜனவரியில். அதில் கம்பனையும் ஆதாரமாகக் காட்டியிருந்ததால் நம்மவர்களுக்குப் பெருமை. ஞாயிறு காலை விவாதங்களில் துளசிதாசரோடு கம்பனும் மல்லுக்கு நின்றான். 1993-ல் சன் டி.வி. தொடங்கி, கேபிள் வழியாகத் தமிழ்த் தொடர்கள் தாராவிக்கும் செம்பூருக்கும் வந்து சேர்ந்தன. சௌகரியம்தான். ஆனால் அவரவர் மொழி அவரவர் வீட்டுக்குள் வந்த பிறகு, பக்கத்து வீட்டில் கதை கேட்க வேண்டிய அவசியம் போய்விட்டது. லோக்கல் வண்டியிலும் இப்போது காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு தொடர் பார்க்கிறார்கள்.

குமாஸ்தா ஓய்வு பெற்று, அந்தத் தம்பதி சொந்த ஊர் திரும்பிவிட்டார்கள். தாயி மகனோடு டோம்பிவிலியில். 2020 மார்ச் 28-ந்தேதி, ஊரடங்கில் நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, தூர்தர்ஷனில் 'ராமாயண்' மறுபடி தொடங்கியது. முடிந்த கையோடு சங்கரன்கோவில் பக்கத்து வீட்டில் டெலிபோன் மணி அடித்தது. ஒரு மணி நேரம் பேச்சு. கைகேயியில் ஆரம்பித்து, தாயியின் மருமகள் பார்க்கிற மராட்டித் தொடர், இங்கே ஓடுகிற தமிழ்த் தொடர் என்று போனது. தமிழ்த் தொடரின் மாமியாரைப் பற்றி இந்தியில் விளக்கம் நடந்தது.

அடுத்த அறையிலிருந்து பெரியவர் கேட்டாராம், "தாயி என்ன சொல்லுதாங்க?" என்று. நாளைக்குச் சொல்கிறேன் என்றாளாம் இவள்.