மழையை நம்பி விதைக்கிறாங்க... விதை முளைக்குமா, கருகுமா?
திருச்சுழி கரிசல் காட்டில் வருஷா வருஷம் நடக்கும் சூதாட்டம்!

அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் மண். நடுநடுவே பச்சைப்பசேல் என்று தெரியும். ஏமாந்து விடாதீர்கள். பல இடத்தில் அது பயிர் அல்ல, சீமைக் கருவேலம்!

பிரளய வெள்ளத்தை சிவபெருமான் சுழியாக்கிப் பூமிக்குள் இறக்கியதால் 'திருச்சுழி' என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. வெள்ளத்தால் பெயர் வாங்கிய ஊர், இன்று ஒரு நல்ல மழைக்கு வானத்தைப் பார்க்கிறது. பக்கத்தில் ஓடும் குண்டாறும் மழை பெய்தால்தான் ஆறு.

புரட்டாசிப் பந்தயம்

இங்கே புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைப்பார்கள். சோளம், பருத்தி, உளுந்து, மக்காச்சோளம், மல்லி. ஐப்பசி மழை வந்து முளைக்க வைக்கும் என்ற நம்பிக்கைதான்.

வந்த மழை ஒரு தூறலோடு போய்விட்டால்தான் ஆபத்து. விதை முளைத்துவிடும். அடுத்த மழை இரண்டு வாரம் தள்ளிப் போனால் முளை கருகிவிடும். மறுபடி விதைக்க வேண்டும். விதை, டிராக்டர் வாடகை, ஆள் கூலி எல்லாம் இன்னொரு தடவை! வீட்டில் இருக்கிற கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது.

"மழை பெய்ஞ்ச பிறகு விதைச்சா என்னங்க?" என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். கரிசல் நனைந்தால் களியாகிவிடும். சில நாளுக்கு ஏர் இறங்காது, டிராக்டர் புதையும். அதற்குள் பட்டம் தப்பிவிடும். கதிர் பிடிக்கும் நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது.

இதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு வழி சொல்கிறது. பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற உப்பை லிட்டருக்கு 20 கிராம் கரைத்து, சோள விதையை அதில் 6 மணி நேரம் ஊறப் போட வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, 5 செ.மீ. ஆழத்தில் விதைக்க வேண்டும். ஆழத்தில் கிடப்பதால் சின்னத் தூறலுக்கு ஏமாந்து முளைக்காது. முளைத்தாலும் வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். செலவு அதிகமில்லை. ஆனால் ஊறப் போட்டு உலர்த்தும் பொறுமைதான் எல்லோருக்கும் வருவதில்லை!

ஒரே நாளில் 95 செ.மீ.!

மழைக்கு என்னதான் ஆச்சு? 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. 2023 டிசம்பரில் நேர்மாறு. இங்கிருந்து தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. விருதுநகர் மாவட்டத்தில் வருஷம் முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக 80 செ.மீ. சொச்சம்தான்!

உலகம் சூடாகிறது என்கிறார்களே, அதன் கணக்கு இதுதான். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடித்து வைக்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். கொட்டாத நாளில் மண்ணில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

மொத்தமாக வரும் தண்ணீரைப் பிடித்து வைக்கக் கண்மாயை விட்டால் வேறு வழியில்லை. 2017-ல் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மறுபடி கொண்டுவந்தது. கரை பலப்பட்டது சரி. வரத்துக் கால்வாய் அடைத்துக் கிடந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் எப்படி வரும்?

வில்லனும் அதுதான், சோறும் அதுதான்!

அடைப்பது யார்? மறுபடியும் சீமைக் கருவேலம்தான். அமெரிக்கக் கண்டத்து மரம். நெற்றை ஆடு தின்னும், புழுக்கையோடு விதை ஊரெல்லாம் பரவும். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால்தான் ஒழியும். 2017-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டில் சென்னை ஐகோர்ட்டு இடைக்காலத் தடை போட்டது.

ஆனால் பயிர் கருகிய வருஷம் இந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றுவதும் இந்த மரம்தான்! விறகை அடுக்கி, மேலே மண் பூசி, மூட்டம் போட்டு நாள் கணக்கில் புகைய விட்டால் கரி. அந்தக் கரி மூட்டை லாரி ஏறி வெளியூர் போகிறது. "மரத்தைப் புடுங்கிட்டா மழை இல்லாத வருஷம் நாங்க எங்க போறது, சொல்லுங்க அண்ணாச்சி?" என்றால் யாரிடம் பதில் இருக்கிறது? கண்மாயிலும் கால்வாயிலும் முதலில் பிடுங்குங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதே நமக்கு நியாயமாகப் படுகிறது.

குதிரைவாலி திரும்புது!

100 நாளுக்குள் முடிந்துவிடும் குதிரைவாலிக்குக் கொஞ்சம் ஈரம் போதும். மதுரை வேளாண் கல்லூரி 'எம்.டி.யு. 1' என்ற ரகத்தைக் கொடுத்திருக்கிறது. மக்காச்சோளத்தை நம்பியவர்களைப் படைப்புழு 2018-ல் ஒரு கை பார்த்துவிட்டது.

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. குண்டாறு அந்தத் திட்டத்தின் கடைசி முனை.

பயிர்க் காப்பீடு இருக்கிறது. பின்பருவ உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் விவசாயி கட்ட வேண்டும், பருத்திக்கு 5 சதவீதம். ஆனால் மகசூல் நஷ்டத்தைத் தனித்தனிக் காடாகப் பார்ப்பதில்லை. பயிரைப் பொறுத்து, கிராமத்துக்கோ பிர்க்காவுக்கோ மொத்தமாகச் சராசரி எடுக்கிறார்கள். மேற்கே ஒரு மழை அதிகமாகப் பெய்து அங்கே நல்லா விளைந்துவிட்டால், கிழக்கே கருகிப்போனவருக்குக் கிடைக்கிற பணமும் குறையும்.