அமில மழையும் நீச்சல் குளத்தின் காரத்தன்மையும்

நிலக்கரிப் புகையிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் வெளியேறும் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் அமிலங்களாக மாறி மழையோடு இறங்குவதே அமில மழை. மான்செஸ்டர் வட்டார மழைநீரை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1872-இல் வெளியான தம் நூலில் இப்பெயரைக் கையாண்டார். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்காகும். மாசற்ற மழையிலும் கரியமில வாயு கரைந்திருப்பதால் அதன் பிஎச் ஏறத்தாழ 5.6 ஆகும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 1970-களில் பெய்த மழையில் அது 4.3 அளவுக்கும் இறங்கியது. நீச்சல் குளத்து நீரோ 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டியது என்பதால், ஒரு மழையே குளத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் எழுவது இயல்பு.

ஆயினும் பிஎச் மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய இயலாது. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட், வந்து சேரும் அமிலத்தை ஏற்றுச் செயலிழக்கச் செய்கிறது. இவ்வாறு அமிலத்தைத் தாங்கும் திறனே காரத்தன்மை எனப்படுகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் காரத்தன்மையும் ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட குளத்தில், பிஎச் 4.3 உள்ள மழை 25 மில்லிமீட்டர் பெய்தால், அதன் அமிலம் அக்காரத்தன்மையில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைக்கூடக் குறைப்பதில்லை. அதே மழை, உப்புகளற்ற நீராகக் கலந்து குளத்து நீரை நீர்க்கச் செய்வதால் ஏற்படும் குறைவு ஏறத்தாழ 1.6 மில்லிகிராம். ஆகவே குளத்தின் காரத்தன்மையைக் கரைப்பதில் மழையின் அமிலத்தைவிட மழையின் அளவே பெரிது. தொடர்ந்து பெய்து குளம் வழிந்தோடும்போது இழப்பு மேலும் கூடும். கிருமிகளைக் கொல்லக் குளத்தில் இடப்படும் டிரைகுளோர் மாத்திரைகளே அமிலத்தன்மை உடையவை என்பதையும் இங்கு மறந்துவிடலாகாது.

காரத்தன்மை வற்றிய பின்னரே பிஎச் சட்டெனச் சரிந்து, சுவரின் சிமெண்ட் பூச்சு அரிபடுவதும் நீர்சூடாக்கியின் செப்புக்குழாய்கள் கரைவதும் நீந்துவோரின் கண்கள் எரிவதும் நேர்கின்றன. குளத்திற்கு இதற்கான மாற்று எளிது; பெருமழைக்குப் பின் காரத்தன்மையை அளந்து, குறைந்திருப்பின் சமையல் சோடாவாகிய சோடியம் பைகார்பனேட்டைச் சேர்த்தால் போதும்.

ஆனால் நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலை ஏரிகளுக்குக் காரத்தன்மை என்னும் காப்பு இயற்கையிலேயே குறைவு. சுண்ணாம்பு அரிதான பாறைமீது மெல்லிய மண் போர்த்திய அந்நிலத்தில், ஆண்டுக்கணக்கில் பெய்த அமில மழை ஏரிகளின் சிறிதளவு காரத்தன்மையையும் தீர்த்து, மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக் கொணர்ந்து மீன்களின் செவுள்களைச் சிதைத்தது. பல ஏரிகளில் மீனினமே அற்றுப்போனது. 1990-இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின் வழியே கந்தகப் புகை பெருமளவு குறைக்கப்பட்ட பின்னரும், மண்ணிலிருந்து முன்பே அரித்துச் செல்லப்பட்ட கால்சியம், பாறையின் சிதைவிலிருந்துதான் மெல்ல ஈடாக வேண்டியிருப்பதால், அவ்வேரிகள் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் தேவைப்படுகின்றன.