உங்களுக்குத் தெரியுமா? – வழவழப்புத் தாளில் வந்த ருஷ்ய இலக்கியம்

● அந்தக் காலத்தில் எங்கள் கீழவாஞ்சூர்ப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்ட வழவழப்பான வண்ணத் தாள் எங்கிருந்து வந்தது? ‘சோவியத் நாடு’ பத்திரிகையிலிருந்துதான்! நாகூருக்கும் திருமலைராயன்பட்டினத்துக்கும் நடுவிலுள்ள இந்தக் கடற்கரை ஊரில், பனி மூடிய மாஸ்கோவைப் பலர் முதலில் பார்த்தது அந்த அட்டையில்தான். கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழுக்குத் தந்த தொ.மு.சி. ரகுநாதன் அந்தப் பத்திரிகை நிறுவனத்தில் பணியாற்றியவர்.

● டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ 1899-இல் ‘நீவா’ என்ற படம் போட்ட வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. தம் பிற்கால எழுத்துக்குக் காசு வேண்டாம் என்றிருந்த டால்ஸ்டாய், இதற்கு மட்டும் கேட்டு வாங்கினார். ராணுவத்தில் சேர மறுத்ததால் வதைபட்ட துகபோர் என்ற ருஷ்யக் கிறிஸ்தவப் பிரிவு மக்கள் கனடாவுக்குக் கப்பலேற அந்தப் பணம் உதவியது. 7,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு தொடர்கதை இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

‘புத்துயிர்ப்பு’ தொடருக்குப் படம் வரைந்தவர் லியோனித் பாஸ்டர்நாக். ‘டாக்டர் ஷிவாகோ’ எழுதிய போரிஸின் அப்பா. வாராவாரம் கெடு நெருக்கும். வரைந்து முடித்ததும், மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போகும் ரயிலின் கண்டக்டரிடம் படங்களைக் கொடுத்தனுப்புவார்கள்.

● ‘இலவச இணைப்பு’ நம் வார இதழ்களுக்கு மட்டும் உரியதல்ல. ‘நீவா’ சந்தாதாரர்களுக்குப் பெரிய எழுத்தாளர்களின் தொகுப்பு நூல்களே இணைப்பாகப் போயின. 1903-இல் செகாவ்! சந்தா 2 லட்சத்தைத் தாண்டியதற்கு இந்த இணைப்புகளும் ஒரு காரணம்.

● அந்தச் செகாவ் எழுதிப் பழகியது நகைச்சுவைப் பத்திரிகைகளில். மருத்துவ மாணவராக இருந்தபோதே அந்தச் சன்மானத்தில் குடும்பத்தைத் தாங்கினார். அவற்றில் ஒன்றான ‘அஸ்கோல்கி’யின் ஆசிரியர் கேட்டது நூறு வரிக்குள் கதை. அவரது சிக்கனமான நடைக்கு அந்தக் கண்டிப்பும் ஒரு பள்ளிக்கூடம் என்றே சொல்வேன்.

● நம் பக்கம்? ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில், மணியம் ஓவியத்தோடு வந்தது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966-இல் ‘ஆனந்த விகட’னில். லட்சக்கணக்கானோர் புரட்டும் பத்திரிகையில் வந்ததால்தான் அந்தக் கதை வீட்டுக்கு வீடு வாக்குவாதமாயிற்று. ஜனரஞ்சகப் பத்திரிகையில் இலக்கியம் வராது என்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

● தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா? ஓவியம், ஓரத்துத் துணுக்கு, சோப்பு விளம்பரம் எல்லாம் அதில்தான் இருக்கும். பின்னால் அச்சான நாவலில் இருக்காது. எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றன.