கிடர்பூர்த் தொழிலாளரின் கடலை மாவும் தாவர உணவும்

கொல்கத்தாவின் கிடர்பூர்க் கப்பல்துறை 1892-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. பீகாரிலிருந்து வந்து அங்குச் சுமை தூக்கிய தொழிலாளர் பலருக்கு வழக்கமான உணவு, ‘சத்தூ’ எனப்படும் வறுத்த கடலை மாவு. அதனை உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச்சாறு சேர்த்துப் பிசைந்து உண்பர். அல்லது நீரில் கரைத்துப் பருகுவர். அடுப்பு வேண்டுவதில்லை.

இம்மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. கடலையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சையிலுள்ள வைட்டமின் ‘சி’ துணைபுரிகிறது. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாயுள்ள லைசினைப் பருப்பு ஈடுசெய்கிறது. பருப்பில் குறைவாயுள்ள மெதியோனினைத் தானியம் அளிக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டுமென்பதில்லை. ஒரே நாளில் அமைந்தால் போதும்.

ஆகவே, பாலையும் விலக்கித் தாவர உணவையே மேற்கொள்வோர் நாள்தோறும் தானியம், பருப்பு, கீரை, காய்கனிகளைத் திட்டமிட்டு உண்ண வேண்டும். கால்சியத்திற்குக் கேழ்வரகும் எள்ளும் ஏற்றவை.

எனினும், 1948-இல் பிரித்தெடுக்கப்பெற்ற வைட்டமின் பி12-ஐ இவ்வுணவுகள் அளிப்பதில்லை. அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் நேரும். காலம் தாழ்த்தினால் நரம்புப் பாதிப்பு மீளாமலும் போகலாம். எனவே, பி12 செறிவூட்டிய உணவோ, மருத்துவர் கூறும் மாத்திரையோ இன்றியமையாதது. கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதனைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தவறாது எடுத்துரைத்தல் வேண்டும்.